இரண்டு தட்டு

கிசுமு நகரத்தில் மாலை வெயில் சாய்கிறது. கணவன் ஒச்சோலாவை அவன் பிறந்த ஊர் மண்ணில் புதைத்துவிட்டு, காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்த அகேயோ, குடியிருப்பின் முற்றத்தில் அதை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தப் பார்க்கிறாள். கியர் போட்டதுமே பின்பக்க சென்சார் கீச்சிட ஆரம்பித்து, பிறகு மூச்சுவிடாமல் அலறுகிறது. ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த கார். அதன் கூச்சலை அவள் என்றுமே சட்டை செய்ததில்லை. ஒச்சோலா பின்னால் நின்று, "ஜப்பான்காரன் கெடக்குறான், நீ வாடி" என்பான். போதும் என்றால் டிக்கியில் இரண்டு தட்டு தட்டுவான். அவள் கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டாள். இப்போது பார்க்கிறாள். கண்ணாடி நிறைய வெறும் வெயில். பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். காவலாளி ஒதேரா ஓடி வருகிறார். "வாங்கம்மா, வாங்க. செவுரு இன்னும் எட்டத்துல இருக்கு. பின்னாடி யாருமே இல்ல." கார் நகரவில்லை. அவர் காரின் பின்பக்கம் குனிந்து பார்க்கிறார். "அட, ஊர்ச் சேறும்மா! சென்சார் மேல அப்பிக் காஞ்சிருக்கு. அதான் ஆள் நிக்கிற மாதிரியே கத்துது." தோளில் கிடந்த துணியை எடுக்கிறார். "தொடைக்காதீங்க" என்கிறாள் அகேயோ, நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்வது போல. துணியைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கிறார். கியரை மாற்றினால் அலறல் நின்றுவிடும். அவள் மாற்றவில்லை.