வெள்ளிவிழா மலர்

நின்றுபோன பத்திரிகைகளின் ஆண்டு மலர்களைச் சேர்ப்பதில் ஹனீஃபாவுக்கும் வைரவனுக்கும் பல வருடப் போட்டி. வைரவன் நோயில் படுத்ததும் ஈசூன் வட்டாரத்திலிருந்த வீட்டுக்கு அவரைப் பார்க்கப் போனார் ஹனீஃபா. தான் எங்கெங்கோ தேடியும் கிடைக்காத வெள்ளிவிழா மலர் கட்டிலருகே கிடந்தது. வைரவனின் கண்கள் மூடியிருந்தன. ஹனீஃபா மலரைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே திரும்பிப் போனார்.

“அவரு தூங்குறப்ப எடுத்துட்டேன் தங்கச்சி. மனசு கேக்கல,” என்று மலரை நீட்டினார்.

வைரவனின் மனைவி வாங்கவில்லை.

“நீங்க வர்றீங்கன்னதும் அவர்தான் இதை அங்க வைக்கச் சொன்னாரு. கையில கொடுத்தா உங்க ரோஷம் வாங்க விடாதாம்.”

ஹனீஃபா தலைகுனிந்து நின்றார்.

“அவரு தூங்கல பாய். நீங்க கூச்சப்படக் கூடாதேன்னு கண்ணை மூடிப் படுத்திருந்தாரு.”