பெஞ்சில் ஒரு தொண்ணூற்றொன்பது

"எங்க வர்ஷா இல்லேன்னா இந்த ஃபுட்பால் டீமே கிடையாது, சார்! கோச் எங்க வீட்டுக்கு வந்து கார்ப்பெட்ல மண்டி போட்டுக் கெஞ்சினார். நாலு டம்ளர் காபி உள்ள போச்சு, ஆள் எழுந்திருக்கல!"

சேஷாத்ரி தன் பேத்தியைப் பற்றி இதைச் சொன்ன சனிக்கிழமை காலை, மல்கிரேவ் மைதானத்தில் அப்படியொரு குளிர். வாயைவிட்டு வந்த வார்த்தை உறைந்து புல்லில் 'டங்'கென்று விழாததுதான் அதிசயம்.

பத்து வாரத்துக்கு முன், இந்த ரகசியத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று கோச்சுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். எழுபத்திரண்டு வருட வாழ்க்கையில் ஒரு பெருமையைப் பத்து நிமிஷம்கூட அடக்கி வைத்தவரில்லை. மனுஷன் அதிலேயே மூன்று கிலோ இளைத்துவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் கம்பளிக்குள் சுருண்டிருந்த ஜெயரட்ணம், கழுத்தை மட்டும் வெளியே நீட்டினார். காலை நடையில் கூட வருகிற சிநேகிதர். அவருடைய பேத்தி வினுஷாதான் டீமின் நட்சத்திரம்.

"அண்ணை, புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும். வர்ஷா பந்து வந்தாக் கண்ணைப் பொத்துற பிள்ளை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்த மனிசனுக்கு வேற வேலை இல்லையோ, உங்கட வீட்டில வந்து முழங்காலில நிக்க?"

"வேற வேலை இல்ல சார். அவருக்கு வேற வழியே இல்ல!"

மைதானத்தில் வினுஷா நான்கு பேர் தலைக்கு மேலே எம்பி, இந்த நாட்டு ஃபுட்பாலுக்கே உரிய முட்டை வடிவப் பந்தைக் கையால் பிடித்து, கோலுக்குள் உதைத்தாள். ஜெயரட்ணம் கைதட்டியதில் வேலிமேல் இருந்த பறவைகள் எல்லாம் பறந்துபோயின.

"பாத்தியளோ! அதுதான் ஃபுட்பால். படிப்பிலயும் எங்கட பிள்ளை அப்பிடித்தான்."

பெஞ்சின் ஓரத்தில் இருபத்திரண்டாம் நம்பர் பனியனோடு வர்ஷா உட்கார்ந்திருந்தாள். மடியில் கெமிஸ்ட்ரி புத்தகம். கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது அவள் பூட்ஸ்.

"அவளை எதுக்குப் பிடிச்சாங்கன்னு கேளுங்க" என்று சேஷாத்ரி நாற்காலியை நெருக்கிப் போட்டார். "இந்தக் காலேஜ் மார்க்குக்குப் பேர்போனது. டீம்ல பேர் இருக்கற இருபத்திரண்டு பேரோட மார்க்கையும் கூட்டிச் சராசரி போடுவாங்க. எண்பதுக்குக் கீழ போனா டீமையே கலைச்சுடுவாங்க."

"கலைக்கட்டும். அதுக்கு?"

"கோச் ஊரெல்லாம் அலைஞ்சு நல்லா உதைக்கிற பொண்ணுங்களா சேர்த்தார். மார்க் மளமளன்னு இறங்கிப் போச்சு. அதைத் தூக்கி நிறுத்த ஒரு ஆள் வேணும். எங்க வர்ஷா தொண்ணூத்தொன்பது! கால் வேண்டாம் சார், தலை போதும்னுட்டார்!"

ஜெயரட்ணம் சிரித்த சிரிப்பில் நாற்காலியின் கால் ஒன்று மண்ணில் இறங்கியது. "விசர்க் கதை! மார்க்குக்கு ஃபுட்பால் டீமில எடுக்கிறதோ? இதை வெளியில சொல்லிப் போடாதேங்கோ, ஆக்கள் சிரிப்பினம்."

கால்வாசி ஆட்டம் முடிந்த இடைவேளையில் வர்ஷா தாத்தாவிடம் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"தாத்தா, டிபேட் ஃபைனல் அடுத்த சனிக்கிழமை. நான் இங்கே உக்காந்திருந்தா என் இடத்தை வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாங்க. ஒவ்வொரு வாரமும் கோச் 'ஜஸ்ட் ஒன் மோர் வீக்'னு சொல்றார். விளையாடவும் விட மாட்டேங்கறார், போகவும் விட மாட்டேங்கறார். ஐ'ம் ஸ்டக்."

"கவலைப்படாதே. லெட்டர் எங்கிட்டதான் இருக்கு. ஹாஃப் டைம்ல வா."

அவள் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆனால் இந்தத் தடவை புத்தகத்தைத் திறக்கவில்லை.

"என்ன கடிதம்?" என்றார் ஜெயரட்ணம். சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"விலகல் கடிதம். அவ அப்பா அம்மா கையெழுத்துப் போட்டாச்சு. இன்னிக்கு சராசரி சரியா எண்பதுல நிக்குதாம். வர்ஷா போனா அதுவும் போச்சு, டீமும் போச்சு." சேஷாத்ரி கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். "உங்களுக்கென்ன சார், நீங்கதான் இதை நம்பவே இல்லையே!"

ஜெயரட்ணம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அடுத்த இருபது நிமிஷத்தில் வினுஷா இன்னும் இரண்டு கோல் போட்டாள். அவர் கைதட்டவில்லை.

ஹாஃப் டைம் சைரன் ஊதியது. வர்ஷா எழுந்து ஓடி வந்தாள். அந்த பூட்ஸ் ஓடியதை மைதானம் பார்த்தது அன்றுதான். சேஷாத்ரி கடிதத்தை வெளியே எடுத்தார்.

கம்பளி கீழே விழ, ஜெயரட்ணம் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, குடுக்காதேங்கோ."

"ஏன் சார்? நடக்காத கதைதானே?"

"இந்த டீம் இல்லாட்டி எங்கட பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் இல்லை. வினுஷாவுக்குக் கணக்கில முப்பத்தெட்டு."

"ஐயோ பாவம். ஆனா அதுக்கு எங்க வர்ஷாவா பெஞ்சுல குளிர்ல விறைக்கணும்?"

ஜெயரட்ணம் பக்கத்தில் வந்து நின்ற வர்ஷாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய சுத்தமான பூட்ஸைத்தான் பார்த்தார்.

"நடக்கேக்க ஒவ்வொரு நாளும் தொண்ணூத்தொன்பது, தொண்ணூத்தொன்பது எண்டு நீங்கதானே சொன்னனீங்கள்... கோச்சை உங்கட வீட்டுக்கு அனுப்பினதே நான்தான்."