ஃபைபர் காரின் ரேடியோ

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கால்களை சீட்டின் முதுகில் போட்டபடி ஹோபர்ட் கடைசித் திருகை முறுக்கினார். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் செய்கிற வேலை இல்லை இது. இடுப்பு போதும் போதும் என்றது.

இந்த மாதத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் இதிலேயே போய்விட்டன.

இரும்பு உடம்புள்ள கார் என்றால் ரேடியோ தானாகப் பாடும். இந்த ஸ்போர்ட்ஸ் கார் முழுக்க ஃபைபர். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஏரியலுக்குப் பிடிமானமாகக் கையகல இரும்புகூடக் கிடையாது.

போதாக்குறைக்கு, ஸ்பார்க் பிளக் வயர்களை மூடியிருந்த தகரக் கவசங்களை வாங்கிய புதிதிலேயே கழற்றிக் குப்பையில் போட்டவர் அவர்தான். பிளக் மாற்றக் கை நுழையவில்லை என்று கோபம். இந்தக் காரை வைத்திருக்கிற அத்தனை பேரும் செய்கிற முட்டாள்தனம் அது. அன்றிலிருந்து என்ஜினின் இரைச்சல் எல்லாம் ரேடியோவில் வந்து விழுந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இரைச்சலும் கூடவே ஏறும்.

அவர் மனைவி நெல்டா அந்தக் காரில் ஏறுவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது.

"உன் வண்டியில உக்காந்தா நீயும் வாயத் திறக்க மாட்ட, ரேடியோவும் திறக்காது. பொணத்தோட போற மாதிரி இருக்கு. நான் எதுக்கு வரணும்?" என்று சொல்லி இறங்கிப் போனவள்தான்.

முதல் விஷயத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேச்சு அவருக்கு வராது. இரண்டாவதையாவது சரிசெய்துவிடலாம் என்று பார்த்தார்.

நாளைக்கு ஞாயிறு. சர்ச் முடிந்ததும் ஏரி வரைக்கும் போகலாமா என்று அவளைக் கேட்டு வைத்திருந்தார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அதற்காகத்தான் இந்த இடுப்பொடிப்பு.

இப்போது ஏரியலுக்கு அடியில் ஒரு செப்புத் தகடு. அதிலிருந்து காரின் இரும்பு அடிச்சட்டத்துக்குப் பட்டையான வயர். பழைய இரும்புக் கடையில் தேடிப்பிடித்த கவசங்கள் பிளக் வயர்களின் மேல்.

எழுந்து உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினார். ரேடியோவைத் திருகினார்.

மலைக்கு அந்தப் பக்கத்து நிலையம். வீட்டு ரேடியோவிலேயே அது அரைகுறையாகத்தான் எடுக்கும். சனிக்கிழமை காலையானால் அங்கே விற்பனை நிகழ்ச்சி. பழைய டயர், கோழிக்கூண்டு, கல்யாண கவுன் என்று ஜனங்கள் போன் பண்ணி விற்பார்கள்.

ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

ஹோபர்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். என்ஜின் உறுமியது. குரலில் ஒரு கீறல் விழவில்லை. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"அடி சக்கை!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.

ஒரு தையல் மெஷின், ஒரு ஆடும் நாற்காலி, தேவதாரு மரத்தில் செய்த துணிப்பெட்டி என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். நம் வீட்டிலும் இதெல்லாம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

"பெட்டியில ஏதாவது பழுது இருக்காம்மா?" என்றார் நிகழ்ச்சி நடத்துபவர்.

"மூடியில ஒரு ஓரம் கருகியிருக்கும். கல்யாணமான புதுசுல இஸ்திரிப் பெட்டிய மேல வெச்சிட்டு மறந்துட்டேன்."

"அப்ப கவனமெல்லாம் எங்க இருந்துச்சோ!"

அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பையும் இப்படிக் கலகலப்பான பேச்சையும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அதனால்தான் இவ்வளவு நேரம் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் நெல்டாவின் முதுகு தெரிந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே டெலிபோன்.

"எதுக்கும்மா எல்லாத்தையும் விக்கிறீங்க?"

"அங்க உங்க ஊர்ல, தங்கச்சி வீட்டோட வந்துடப் போறேன். அவ வீட்டுல எடம் பத்தாது."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சா? கேட்டுட்டிருக்கப் போறாரு!"

கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை. ரேடியோ படுத்துவிட்டதாக இருக்கக் கூடாதா என்று ஹோபர்ட் ஆசைப்பட்டார்.

"மனுஷன் காருக்குள்ளதான் கெடக்காரு. அதுல ரேடியோ எடுக்காது" என்றாள் நெல்டா.

பிறகு ஒரு போன் நம்பர் சொன்னாள். அது தங்கை வீட்டு நம்பர்.

அவர் எல்லாவற்றையும் அணைத்தார். பயமாக இருந்தது. சுரங்கத்தில் கூரை விரிசல் விட்டபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

நெல்டா கையைத் துடைத்துக்கொண்டே பின்வாசல் படியில் வந்து நின்றாள்.

"ஆச்சா?"

"எங்க ஆச்சு? இன்னும் கொரகொரங்குது."

அவள் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. அப்புறம் இரக்கம். இரண்டையும் அவர் பார்த்தார்.

"சரி விடு, ஹோபர்ட். ரேடியோ இல்லாட்டி என்ன? நாளைக்கு ஏரிக்கு நான் வரேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார். ஏன் வருகிறாள் என்பது இப்போது தெரிந்தது.

அவள் உள்ளே போனதும் அவர் மறுபடியும் டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தார். ரேடியோவின் பின்னால் இருந்த ஏரியல் வயரைப் பிடுங்கினார். நாளைக்கு ஏரி போய்ச் சேருகிற வரை அவர்தான் பேசியாக வேண்டும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அங்கேயே படுத்தபடி யோசித்தார்.