சாட்சிப் பாட்டில்

கோயில் தீர்த்தத்தை ஏந்தி வருவதுபோல் அந்த மினரல் பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள் இந்திராதேவி. உள்ளே இருந்தது செம்மண் நிறத்தில் தளும்பியது. மூடியில் ஊர்ந்த எறும்பைச் சுண்டிவிட்டாள்.

“இந்தாங்க தம்பி, நல்லா பாருங்க. இந்தத் தண்ணியத்தான் காசு கட்டி வாங்குறோம்.”

தண்ணீர் அலுவலகத்துக் கோகுலராஜுக்கு இது மூன்றாவது வருகை. அவன் பத்து மணிக்கு வரும்போதெல்லாம் அவள் வீட்டுக் குழாய் கண்ணாடிபோல் ஓடி அவள் மானத்தை வாங்கியது. இன்றும் அப்படித்தான். ஆதாரம் இல்லையென்றால் புகாரை மூடிவிடுவார்கள். புதுக் குழாய் பதிக்கும் பேச்சும் அதோடு போய்விடும்.

அதனால்தான் விடியற்காலை ஐந்து மணிக்கே, கலங்கல் வருகிற நேரம் பார்த்து, ஒரு பாட்டில் பிடித்து அடுப்பு மேடையில் வைத்தாள். அந்த அவசரத்திலும் கணவர் திலீபனுக்கு வழக்கம்போல் தே ஓ என்கிற பாலில்லாத தேநீரைக் கலக்கி, ஆற்றி, அதேபோன்ற இன்னொரு பாட்டிலில் ஊற்றி வைக்கத் தவறவில்லை. பத்து பெரண்டாம் ஊரில் இருக்கும் ஃபேக்டரியின் வேன் ஹாரன் அடித்ததும் அவர் மேடையிலிருந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பக்கத்து வீட்டு மங்களம் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். “தேவி, அடுத்த தடவ மினிஸ்டரையே கூப்புடு லா. அவருக்கும் உன் பைப்பு நல்ல தண்ணியத்தான் காட்டும்.”

“சிரிங்கக்கா, நல்லா சிரிங்க. புதுப் பைப்பு வந்தா உங்க வீட்டுக்கும் சேத்துத்தான் வரும்.”

கோகுலராஜ் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். “அடேயப்பா! இந்தக் கலர்லயா வருது?” என்று இரண்டு படம் எடுத்துக்கொண்டான். இந்திராதேவி வேலிப் பக்கம் திரும்பி மங்களத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

அவன் மூடியைத் திருகினான். கழுத்தருகே இன்னும் நாலைந்து எறும்புகள். மெல்ல மூக்கருகே கொண்டுபோனான்.

“அக்கா, பைப்புத் தண்ணிக்கு எறும்பு வருமா?”

“என்ன தம்பி சொல்றீங்க?”

“இது தே ஓ, அக்கா. சீனி கொஞ்சம் தூக்கலா வேற இருக்கு.”

மங்களம் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “அடிப்பாவி! சீனி போட்டுக் கலக்கியா புகார் குடுத்த?”

இந்திராதேவிக்குக் காது மடல் சுட்டது. சத்தியமாகப் பிடித்து வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் யார் நம்புவார்கள்? கோகுலராஜ் புகார்ப் படிவத்தை விரித்து, ‘புகார் முடிந்தது’ என்ற கட்டத்தின்மேல் பேனாவை வைத்தான்.

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசி அலறியது. திலீபன்தான், ஃபேக்டரியில் பத்து மணி ஓய்வு நேரம். பதற்றத்தில் அவள் விரல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டது.

“தேவி, பாதி பாட்டில் குடிச்சிட்டேன்... இன்னைக்கு சீனி போட மறந்துட்டியா?”