எதற்கென்று கேட்காமல்

“சாமியோட சண்டை போட்டுட்டு, சாமிக் கூட்டத்துக்கே பெட்டியக் கட்டுறியே, நல்லாருக்காம்மா?” மகள் கேலி செய்தாள்.

மருந்துக்கடைக்காரம்மா பெட்டியை அழுத்தி மூடினாள். “சாமியப் பாக்கவா போறேன்? என் ஜோடியப் பாக்கப் போறேன்.”

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கூட்டம் அது. பக்தி உள்ளவர்கள், எழுதுகிறவர்கள், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைப்பவர்கள் எல்லாரும் வருவார்கள். கலையும்போது இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒருவர் மனதில் நினைத்தது நடக்க மற்றவர் தினமும் வேண்ட வேண்டும். எதற்கென்று கேட்கக் கூடாது, அடுத்த கூட்டத்தில்தான் சொல்லலாம்.

போன தடவை அவளுக்கு வாய்த்த ஜோடி ஒரு டீச்சர். ஒரே அறையில் தங்கி, பேசிப் பேசியே மனதுக்குள் நுழைந்துவிட்டவள்.

அப்போது மருந்துக்கடைக்காரம்மா ஒரு வார இதழின் கடைசிப் பக்கத்தில் கடவுள் நம்பிக்கை பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை எழுதவும் செய்கிறதே என்று அவளுக்குக் கொள்ளைப் பெருமை. திடீரென்று ஒருநாள் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். “அந்தப் பக்கத்தப் புதுசா ஒருத்தருக்குக் குடுத்துட்டோம்மா.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

கடவுள் காலை வாரிவிட்டார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அன்றோடு தனக்காக வேண்டுவதையும் அந்த இதழைக் கையால் தொடுவதையும் நிறுத்தினாள். டீச்சரிடம்தான் போனில் அழுது தீர்த்தாள்.

“அழாத. எனக்காக வேண்டுறத மட்டும் விட்டுடாத” என்றாள் டீச்சர்.

கொடுத்த வாக்காயிற்றே. காலையில் கடையின் ஷட்டரைத் தூக்குமுன் கண்ணை மூடி, ‘அவ நெனச்சது நடக்கட்டும்’ என்பாள். ஒருநாளும் விடவில்லை.

போன வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “நீ நெனச்சது பலிச்சுதா?”

“ம். பலிச்சிருச்சு. மத்ததெல்லாம் நேர்ல.”

தான் கேட்டதில் ஒன்றாவது மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது! அது என்னவென்று தெரிந்தால் போதும், கடவுளோடு ராசியாகிவிடலாம். பஸ்ஸில் வழிநெடுக அதே நினைப்பு.

மண்டப வராந்தாவிலேயே டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொல்லு, சொல்லு. எதுக்காக இவ்வளவு நாள் வேண்டினேன்? வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிருச்சா? பையனுக்கு உடம்பு தேவலையாயிருச்சா?”

டீச்சர் கைப்பை ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். “கோவிச்சுக்க மாட்டியே?”

“பலிச்ச வேண்டுதலுக்கு யாராவது கோவிப்பாங்களா? எனக்குத்தான் ஒண்ணும் இல்லாமப் போச்சு, உனக்காவது நடந்துச்சே. சொல்லேன்!”

டீச்சர் தலை நிமிரவில்லை.

“உன் கடைசிப் பக்கம் எனக்குக் கிடைக்கணும்னுதான் நெனச்சேன்.”