தொண்ணூற்றெட்டாம் வருஷ டைரி

"ஏங்கண்ணு, விழும்போது அவன் நின்னுட்டிருந்தானா, நடந்துட்டிருந்தானா?"

பழனிமுத்துவின் உடலை இன்னும் எடுக்கவில்லை. அழுதுகொண்டிருக்கும் அவன் மனைவியிடம் முத்தாயி பெரியம்மா கேட்ட கேள்வி இது. மடியில் ஏதோ பனியன் கம்பெனி ஓசியில் கொடுத்த 1998-ஆம் வருஷத்து டைரி. கையில் பேனா.

"ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாருங்க அத்தை..."

"ஓடினானா!" பெரியம்மா எழுதிக்கொண்டாள்.

முத்தாயியின் தங்கை மகள் ஜெயபாரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தத்தில் எந்த எழவு விழுந்தாலும் இதே கூத்து. மாலை வருவதற்கு முன் டைரி வந்துவிடும். பேர் என்ன, வயசு என்ன, எப்படிப் போச்சு, முன்னால் மயக்கம் வந்ததுண்டா. குறையைக் குறித்து வைத்து, நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் ஒப்பிக்கத்தான் என்று சொந்தம் முழுக்கப் பேச்சு.

பெரியம்மாவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"நீங்க அடிச்ச அடிக்குத்தானே கீதாஞ்சலி கிணத்துல குதிச்சா? அதை நாங்க யாராச்சும் டைரி போட்டு எழுதினோமுங்களா பெரியம்மா?"

பெரியம்மா டைரியை மூடினாள். உடுமலை பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டாள்.

பெற்ற மகளைச் சொல்லிக் குத்தியது கொஞ்சம் அதிகம்தான். செத்தபோது கீதாஞ்சலிக்குப் பதினாறு. ஜெயபாரதியைவிட ஒரு வயசு இளையவள். ஆனால் இப்படிச் சொல்லாவிட்டால் இந்தப் பொம்பளை அடங்குவாளா?

மூன்றாம் மாதம், ஜெயபாரதியின் மகள் நித்யஸ்ரீ பள்ளிக்கூட மைதானத்தில் ஓடும்போது விழுந்தாள். இரண்டு நிமிஷம் நினைவே இல்லை. உள்ளூர் டாக்டர் கோயம்புத்தூருக்குப் போகச் சொன்னார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள் ஜெயபாரதி கணவனிடம். "நாளைக்கு இவளை ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுக்கணும்."

தங்கராஜ் தலையாட்டினார். ஆட்டிய கையோடு பெரியம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். இவர்கள் கார் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது வாசலில் கட்டைப்பையோடு பெரியம்மா.

டாக்டர் ரோஸ்மேரி ஈ.சி.ஜி. காகிதத்தை இரண்டு தரம் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு இறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"சேச்சே. எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு குறையும் கிடையாதுங்க டாக்டர்."

கதவோரம் நின்ற பெரியம்மா டைரியைத் திறந்தாள்.

"பழனிமுத்து. முப்பத்தொண்ணு. என்ற தம்பி மகன். பஸ்ஸுக்கு ஓடினான், விழுந்தான். அர்த்தநாரி. ஒம்பது. என்ற அக்கா மகன். தொட்டு விளையாடும்போது விழுந்தான்."

"அர்த்தநாரி அண்ணனைப் பாம்பு கடிச்சுதுன்னுதானே அம்மா சொல்லுவாங்க?"

"குளிப்பாட்டினது நானு கண்ணு. ஒடம்புல ஒரு பல்லுத்தடம் இல்லை."

டாக்டர் டைரியைக் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாக, எந்தக் கல்வெட்டிலும் ஏறாத மனுஷர்கள். நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"பிறவியிலேயே இதயத் துடிப்புல ஒரு கோளாறும்மா. பரம்பரையா வர்றது. ஓடும்போது சட்டுனு துடிப்பு தாறுமாறாகிடும். சிலர் எந்திரிச்சிடுவாங்க. சிலர் எந்திரிக்க மாட்டாங்க. இந்த ஈ.சி.ஜி.யை வச்சு மட்டும் என்னால உறுதியாச் சொல்ல முடியாது. டைரியையும் சேர்த்துப் பார்த்தா சந்தேகமே இல்லை. மாத்திரை இருக்கு, பொண்ணு நல்லா இருப்பா. ஆனா இதுல இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்க தகவல் சொல்லணும்."

ஜெயபாரதி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் முதல் பக்கத்துக்கு வந்தார். "கீதாஞ்சலி. பதினாறு. கிணறு." அதற்குக் கீழே காலியாக இருந்தது.

"இது யாரு?"

ஜெயபாரதிதான் பேசினாள்.

"இவங்க பொண்ணுங்க. நானும் அவளும் ஒண்ணாத்தான் நீச்சல் பழகினோம். என்னைவிட நல்லா நீந்துவா."

"நீச்சல் இன்னும் ஆபத்து. எவ்வளவு நல்லா நீந்தினாலும் தண்ணிக்குள்ளேயே நினைவு தப்பிடும். அப்படியே மூழ்கிடுவாங்க."

பெரியம்மா டைரியின் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்தாள். இருபத்தேழு வருஷமாக எழவு எழவாக அவள் விடை தேடிக்கொண்டிருந்த கேள்வி அன்றைக்குத்தான் வாயில் வந்தது.

"அப்ப... நான் அடிச்சதுக்காக அவ குதிக்கலீங்களா டாக்டர்?"