பதினேழாம் நம்பர் கைப்பட்டை

“பதினேழாம் நம்பர் மறுபடியும் விழுந்துட்டாங்கடா!” என்று கத்தினாள் அக்கா.

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். மணி சரியாக மூன்று.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. ஒரே அறை, இரண்டு நாற்காலி, மூச்சுவிட நேரமில்லாத வேலை. வயதானவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை செய்கிறார்கள். கட்டியிருப்பவர் கீழே விழுந்தால் இவர்கள் இருவரின் போனிலும் மணி அடிக்கும். உடனே அந்த வீட்டைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

தம்பி கூப்பிட்டான். எடுத்தது வழக்கம்போல, பட்டை கட்டிய பெரியம்மாவின் மருமகள்.

“விழுந்தது உண்மைதாங்க. எழுந்தாச்சு. அடி ஒண்ணும் இல்ல.”

“மேடம், ஒரு மாசமா தினமும் விழறாங்களே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“அதெல்லாம் வேண்டாங்க. அடுப்புல பால் இருக்கு, வெச்சிடறேன்.”

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலாம், பால்! மாமியார் தரையில் கிடக்கிறார், இவளுக்குப் பால் பொங்கிவிடக் கூடாதாம்.

“யாராவது சொல்லி வெச்ச மாதிரி தினமும் மூணு மணிக்கு விழுவாங்களா? தள்ளி விடறாடா அவ,” என்றாள் அக்கா. “போலீஸ்ல சொல்லிடலாம்.”

“அவசரப்படாதே. நாளைக்கு நானே நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன்.”

மறுநாள் காலையில் கம்பெனிக்கு நல்ல காலம் பிறந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா பேசினார்.

“நாலு கம்பெனி பட்டையை வாங்கி சோதிச்சுப் பார்த்தோம்ப்பா. தடால்னு விழுந்தா எல்லாமே அடிக்குது. சுவரோட மெதுவா சரிஞ்சா உங்களோடது மட்டும்தான் அடிக்குது. முந்நூறு பட்டை வேணும். ஆமா, அதுக்கு இதை யார் கத்துக்கொடுத்தது?”

“நாங்க ரெண்டு பேரும்தான் மேடம்!” தம்பி காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

“வேற யாராவது உழைச்சிருந்தா அவங்க பேரையும் சொல்லுங்க. ஒப்பந்தத்துல போடணும். மூணு மணிக்கு மேல கூப்பிடறேன்.”

உண்மையைச் சொன்னால், அந்த வித்தை பட்டைக்கு எப்படி வந்தது என்று இருவருக்குமே தெரியாது. விழுந்தும் மணி அடிக்கவில்லையா? வீட்டில் இருப்பவர்கள் தங்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பட்டை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்; ஒரு பட்டை கற்றது மற்ற எல்லாப் பட்டைகளுக்கும் போய்ச் சேரும். அப்படி எங்கேயோ கற்றுக்கொண்டுவிட்டது. அதற்காக, வீடு தேடி வந்த பாராட்டை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

இரண்டே முக்காலுக்குத் தம்பி அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தவள் மருமகள். முழங்கையில் பிளாஸ்திரி, நடையில் லேசான நொண்டல்.

மாமியாரும் சும்மா விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“பட்டை கம்பெனியிலேர்ந்து வரேன். பெரியம்மாவைப் பார்க்கணும்.”

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அத்தை கூடத்துலதான் இருக்காங்க. பேசிட்டிருங்க, இதோ வரேன்.” உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கையில் பட்டையும் இல்லை.

தம்பி குரலைத் தாழ்த்தினான். “பயப்படாம சொல்லுங்கம்மா. உங்களை யாராவது தள்ளி விடறாங்களா?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “என்னையா? நான் விழுந்ததே ஒரே ஒரு தடவைதான் தம்பி. அதுவும் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி.”

“ஒரு தடவையா? அப்போ தினமும்...”

அவன் சட்டைப் பையில் போன் அலறியது. பதினேழாம் நம்பர்!

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான்.

சுவரோரமாக ஒரு மெத்தை. அதன்மேல் சரிந்து கிடந்தாள் மருமகள். மாமியாரின் பட்டை அவள் கையில்.

வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்தாள். “தப்பா நினைச்சுக்காதீங்க. பிள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள முடிச்சாகணும். எனக்கு இந்த நேரம்தான் கிடைக்குது.”

“என்ன... என்ன பண்றீங்க?”

“அன்னிக்கு அத்தை சுவரோட சரிஞ்சு உட்கார்ந்துட்டாங்க. பட்டை அடிக்கவே இல்ல. நான் கடைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும், ஒரு மணி நேரம், எழுந்திருக்க முடியாம அப்படியே தரையில இருந்தாங்க. அதான் அவங்க விழுந்த மாதிரியே விழுந்து விழுந்து, அடிக்காதப்போல்லாம் பொத்தானை அழுத்தினேன். முதல் மாசம் பூரா அடிக்கல. இப்போ வலது பக்கம் சரிஞ்சா ஒழுங்கா அடிக்குது. இடது பக்கம்தான் இன்னும் கொஞ்சம் லேட்.”

“எங்களுக்கு ஒரு புகார் பண்ணியிருக்கலாமே!”

“பண்ணத்தான் போனை எடுத்தேன். ‘பாவம், இப்போதான் தொழில் ஆரம்பிச்சிருக்காங்க. முதல் புகார் நம்ம வீட்டுலேர்ந்து போக வேண்டாம்’னு அத்தை தடுத்துட்டாங்க. யோசிச்சா, உங்க மேலயும் தப்பில்ல. இளவட்டம் நீங்க. வயசானவங்க எப்படி விழுவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் கூடவே இருந்து பார்க்கறவ.”

தம்பி கைகூப்பினான். இவளைப் பற்றியா போலீஸில் சொல்ல இருந்தோம்! “ரொம்ப நன்றிங்க,” என்றான். அது போதாது என்று அவனுக்கே தெரிந்தது.

போன் மறுபடியும் அடித்தது. டாக்டரம்மா.

“ஒப்பந்தம் தயார்ப்பா. உங்க ரெண்டு பேர் பேரை மட்டும் போட்டா போதும்தானே?”

“இல்ல மேடம், மொத்தம் மூணு பேர்,” என்றான் தம்பி. “மூணாவது ஆளை இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கறேன். ஒரு நிமிஷம் இருங்க, அவங்க பேரைக் கேட்டுச் சொல்றேன்.”